கைமாற்று

மூன்று வருடம் பந்து என் கையில்தான் மேலே போனது.
யாரும் எழுதிக் கொடுத்த உரிமையில்லை.
எதிரணி கூடை போட்டதும்
எல்லைக்கு வெளியே யார் பந்தை எடுத்தாலும்
முதலில் என்னைத் தேடுவார்கள்,
இருட்டில் ஸ்விட்சைத் தடவும் கைபோல.

அக்டோபரில் ஸரியா ப்ரூயிட் வந்தாள்.
சாகினாவிலிருந்து. இடதுகைக்காரி.
ஒரே பெட்டி. மார்க்கெட் நகரத்துக் குளிருக்கு
எந்த வகையிலும் போதாத ஒரு மேல்சட்டை.
சுப்பீரியர் ஏரி பாறையில் மோதுவதைப் பார்த்து
"எங்கள் பக்கத்து ஏரி இப்படிக் கத்தாது" என்றாள்.
என் பழைய குளிர்கோட்டைக் கொடுத்தேன்.
அது எளிதாக இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை
கோச் வாண்டர்ஹேகன் பலகையில் 'ஒன்று' என்று எழுதினார்.
பக்கத்தில் என் பெயர் வரும்.
வரவில்லை. பேனாவை மூடிவிட்டார்.
"ரீபவுண்டுக்கு யார் கிட்டவோ, அவள் கொண்டு போகட்டும்."
நல்லது என்றேன்.
அறைக்குப் போய் ஷூவைக்கூடக் கழற்றாமல்
உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

இருபத்தோரு வயதில்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் போயிற்று.
மூலையில், மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே நின்றேன்,
பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளியாக.

அங்கிருந்து பார்த்தால் ஆட்டத்துக்கு ஒரு முதுகு இருந்தது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முகம்:
என்மேல் பாயும் விரல்கள்,
உதட்டைக் கடித்துக்கொண்டு மறிக்கும் யாரோ ஒருத்தி.
இப்போது பார்க்கிறேன்,
எங்கள் நெட்டை மார்கிட்
ஸ்க்ரீன் போட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும்
கையைத் தூக்குகிறாள்.
மூன்று வருடமாகத் தூக்கியிருக்கிறாள்.

நவம்பரில் ஒரு ரீபவுண்ட்
எனக்கும் ஸரியாவுக்கும் நடுவில் விழுந்தது.
நீ எடுப்பாயென்று அவள். நீயென்று நான்.
பந்து எங்களைத் தாண்டி உருண்டு
ட்ரம் வாசிக்கும் பையனின் காலில் போய் நின்றது.
திரும்பி வரும் பேருந்தில் ஏழு மணி நேரப் பனி.
ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.
அவள் என் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

ஸ்கோர் புத்தகத்தில் கூடைக்குக் கட்டம் உண்டு,
அசிஸ்டுக்கு உண்டு, தொலைத்த பந்துக்கும் உண்டு.
பாதிக்கோட்டைப் பந்து பத்திரமாகத் தாண்டியதற்கு
எந்தக் கட்டமும் இல்லை.

பிப்ரவரி. சமநிலை. நாற்பது வினாடி.
அவர்கள் முழுக்களமும் நெருக்கினார்கள்.
ஓரத்தில் இரண்டு பேர் என்மேல் கதவாகச் சாத்த,
நடுவரின் கை ஐந்து, ஆறு என்று வெட்டுகிறது.
வலப்பக்கம் சுவர். பார்க்காமலே
இடப்பக்கம் தள்ளினேன்.
அவள் இருந்தாள்.
பாதிக்கோட்டைத் தாண்டினாள், அங்கே அவளைச் சூழ்ந்தார்கள்,
பந்து என்னிடம் திரும்பி வந்தது.
சீட்டில்லை, சாட்சியில்லை, வட்டியில்லை.
அவசரத்துக்கு வாங்கி
அதே சூட்டோடு திருப்பித் தருவது.

மார்கிட்டின் கை மேலே இருந்தது.
கொடுத்தேன்.
அவள் தவறவிட்டாள்.

வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து
எங்கள் இருவருக்கும் நடுவில்,
மறுபடியும் நடுவில்,
ஒருமுறை குதித்தது.
பதினொரு வினாடி.
அரையடி வித்தியாசத்தில் அவள்தான் கிட்ட இருந்தாள்.
நான் மூலைக்கு ஓடினேன்,
கையைத் தூக்கிக்கொண்டு.